கத்தியைக் கீழே வைத்த அறுவை மருத்துவர் – லார்ஸ் லெக்செல்

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறார். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செயல்படுபவனே கற்ற மருத்துவன் என்பது அவர் கருத்து. முதல் இரண்டும் நமக்கு எளிதில் விளங்குகின்றன. மூன்றாவதாகக் காலத்தை ஏன் சேர்த்தார் என்று நான் நெடுநாள் சிந்தித்தது உண்டு. அதற்கு விளக்கம் எனக்கு உரைநூல் எதிலும் கிடைக்கவில்லை. சுவீடன் நாட்டு மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையில் கிடைத்தது. அவர்தாம் லார்ஸ் லெக்செல்.

மண்டையோட்டைத் திறக்காமலே மூளைக்குள் இருக்கும் நோயைத் தீர்க்க முடியும் என்று எண்ணியவர் அவர்; எண்ணியதோடு நில்லாமல் செய்தும் காட்டியவர். இன்று உலகெங்கும் 'காமாக் கத்தி' என்று வழங்கும் கருவி அவர் படைப்பே ஆகும். நான் மருத்துவன் அல்லேன், இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் லெக்செல்லின் வரலாற்றில் பாதி மருத்துவத்துக்கு உரியது என்றால் மறுபாதி எங்கள் துறைக்கு உரியது. அந்த உரிமையில்தான் நம் கல்லூரி மலரில் அவரைப் பற்றி எழுத முன்வந்தேன்.

இளமையும் ஆசானும்

லெக்செல் 1907ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சுவீடனின் மேற்குக் கரையில், கோத்தன்பர்க் நகரை அடுத்த ஓர் ஊரில் பிறந்தார். தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் உள்ள புகழ்பெற்ற கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவம் பயின்றார். 1935ஆம் ஆண்டு ஹெர்பர்ட் ஓலிவெக்ரோனா என்பவரிடம் மூளை அறுவை சிகிச்சை கற்கச் சேர்ந்தார்.

ஓலிவெக்ரோனாவைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறியாக வேண்டும். சுவீடனில் மூளை அறுவை மருத்துவத்தைத் தனித் துறையாக நிலைநாட்டியவர் அவரே. ஸ்டாக்ஹோமின் செராஃபிமர் மருத்துவமனையில் அவரிடம் பயில ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். மூளையில் உள்ள இரத்தக் குழாய்ப் பின்னல் ஒன்றை 1932ஆம் ஆண்டிலேயே முழுமையாக வெட்டி அகற்றிய பெருமையும் அவருக்கு உண்டு. ஆசிரியர் கத்தியால் செய்ததை மாணவர் பின்னாளில் கத்தியின்றிச் செய்யப் போகிறார். எனவே இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அக்காலத்து மூளை அறுவை எப்படி இருந்தது? ஓர் அறுவை பல மணி நேரம் நீளும். குருதி பெருகும். நோய் இருக்கும் இடம் ஆழமானால், அங்கே போய்ச் சேரும் வழியிலேயே நல்ல மூளை சிதையும். நோயைத் தப்பியவர் அறுவையைத் தப்பாமற் போவதும் உண்டு. பேச்சும் நினைவும் அசைவும் குடியிருக்கின்ற அந்த மென்மையான உறுப்புக்கு, அதைத் தொடும் கருவிகள் மிகவும் முரட்டுத்தனமானவை என்ற எண்ணம் இளைஞர் லெக்செல்லின் உள்ளத்தில் வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் செய்தவை எல்லாம் இந்த ஒரு விதையிலிருந்து கிளைத்தவையே.

போர்முனையும் ஆய்வுக்கூடமும்

1939ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியம் பின்லாந்தின் மீது படையெடுத்தது. அந்தக் குளிர்காலப் போரில் பின்லாந்துக்குத் தொண்டு செய்யச் சென்ற சுவீடன் மருத்துவர்களுள் லெக்செல்லும் ஒருவர். முதுகெலும்பில் குண்டு பாய்ந்த வீரர்களுக்கு அவர் அறுவை செய்ய நேர்ந்தது. எலும்பைச் சிறிது சிறிதாகக் கடித்தெடுக்க அன்றிருந்த குறடுகள் கைக்கு அடங்காதவை. அந்த அனுபவத்தின் பயனாக, இரட்டை நெம்புகோல் அமைப்பினால் சிறு விசையிலேயே எலும்பைக் கடிக்கும் குறடு ஒன்றை அவர் வடிவமைத்தார். நெம்புகோல் தத்துவத்தை நாம் பள்ளியில் படித்து, தேர்வு எழுதி, மறந்து விடுகிறோம். அவரோ அதை உயிர் காக்கும் கருவியாக்கினார். லெக்செல் குறடு என்ற பெயரோடு அது இன்றும் அறுவைக் கூடங்களில் வழக்கில் இருக்கிறது.

போர்முனையிலிருந்து திரும்பியவர் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரக்னார் கிரானிட்டின் ஆய்வகத்தில் தசைகளுக்குச் செல்லும் மிக மெல்லிய நரம்பிழைகளை ஆராய்ந்து, 1945ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டை அளித்தார். தசை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் அமைப்பை அந்த இழைகளே சரிசெய்கின்றன என்று அவர் காட்டினார். காமா நரம்பிழைகள் என்று அவற்றை உடலியல் நூல்கள் குறிக்கின்றன. காமா என்ற கிரேக்க எழுத்து அவர் வாழ்வில் மீண்டும் ஒரு முறை வர இருந்தது.

1946ஆம் ஆண்டு லெக்செல் தென் சுவீடனில் உள்ள லுண்ட் நகருக்குச் சென்று, அங்கே மூளை அறுவைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அந்நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் மீயொலிக் கருவியைக் கொண்டு 1953ஆம் ஆண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். லெக்செல் அம்முறையைத் தலைக்குப் பயன்படுத்தினார். தலையில் அடிபட்டவருக்கு உள்ளே குருதி உறைந்து நின்றால் மூளையின் நடுக்கோடு ஒருபுறம் விலகும். எதிரொலி வந்து சேரும் நேரத்தைக் கொண்டு அவ்விலகலை மண்டையைத் திறக்காமலே அவர் கண்டறிந்து, 1956ஆம் ஆண்டு வெளியிட்டார். திறவாமல் அறிவது இயலும் என்றால், திறவாமல் தீர்ப்பதும் இயலாதா? இக்கேள்வி அதற்கு முன்பிருந்தே அவரை ஆட்கொண்டிருந்தது.

வட்டத்தின் மையம்

மூளைக்குள் ஒரு புள்ளியைத் தவறாமல் அடைவது எப்படி? 1908ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் விலங்குகளின் மூளைக்கு இதற்கென ஒரு சட்டம் செய்திருந்தனர். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் என்னும் இருவர் அதனை மனிதருக்கு ஏற்றதாக்கினர். லெக்செல் அங்கே சென்று அவர்கள் பணியைக் கண்டார். ஊர் திரும்பித் தமக்கென ஒரு சட்டத்தை உருவாக்கி 1949ஆம் ஆண்டு வெளியிட்டார்.

அதன் அமைப்பு எளிமையானது, அழகானதும்கூட. நோயாளியின் தலையில் ஓர் உலோகச் சட்டம் அசையாமல் பொருத்தப்படுகிறது. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளால் மூளையிலுள்ள இலக்கு குறிக்கப்படுகிறது. அந்த இலக்கு ஓர் அரைவட்ட வளைவின் மையமாக அமையும்படி வளைவு நகர்த்தி நிறுத்தப்படுகிறது. அதன்பின் வளைவின் எந்த இடத்திலிருந்து ஊசியைச் செலுத்தினாலும் அது மையத்தைத்தான் அடையும். மிதிவண்டிச் சக்கரத்தின் எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாலும் குடத்துக்குத்தானே போய்ச் சேர்வோம்!

இந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு அடுத்த எண்ணம் தோன்றியது. ஊசிக்குப் பதிலாகக் கதிர்களைச் செலுத்தினால் என்ன? ஒரே கதிர்க்கற்றையை வலுவாகச் செலுத்தினால் வழியில் உள்ள மூளையும் சேர்ந்து கெடும். பல திசைகளிலிருந்து மெல்லிய கற்றைகளைச் செலுத்தினாலோ, ஒவ்வொன்றும் தன் வழியில் சிறு தீங்கே செய்யும். எல்லாம் கூடுகின்ற மையத்தில் மட்டும் அவற்றின் வலிமை ஒன்று திரளும். 1951ஆம் ஆண்டு இக்கருத்தை வெளியிட்டபோது, கதிர் அறுவை என்று பொருள்படும் புதுச்சொல் ஒன்றையும் அவர் படைத்தார். தம் வளைவில் எக்ஸ் கதிர்க் குழாயைப் பொருத்தி, முகநரம்பு வலியால் துடித்த நோயாளிகளுக்கு முதலில் அம்முறையில் சிகிச்சை அளித்தார்.

இயற்பியலின் துணை

எக்ஸ் கதிர் அவர் எண்ணிய கூர்மையைத் தரவில்லை. ஸ்டாக்ஹோமிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உப்சாலா நகரில், நோபல் பரிசு பெற்ற ஸ்வெட்பெர்கின் முயற்சியால் எழுந்த குஸ்தாவ் வெர்னர் நிறுவனத்தில் பெரியதொரு துகள் முடுக்கி இருந்தது. அங்கே போர்யே லார்சன் என்னும் இளம் இயற்பியலாளர் பணிபுரிந்தார். மருத்துவரும் இயற்பியலாளரும் கைகோத்தனர். வேகமூட்டப்பட்ட புரோட்டான் கற்றைகளைப் பல திசைகளிலிருந்து செலுத்தினால், மூளையில் குறித்த இடத்தில் மட்டும் சிறு மாற்றத்தை உண்டாக்கலாம் என்று விலங்குகளிடம் ஆய்ந்து கண்டனர். 1958ஆம் ஆண்டு அம்முடிவுகள் நேச்சர் இதழில் வெளிவந்தன.

ஆயினும் லெக்செல் நிறைவு அடையவில்லை. துகள் முடுக்கி ஒரு பெரிய கட்டடத்தையே நிறைத்து நிற்பது. அதை இயக்க அறிஞர் குழு ஒன்று வேண்டும். நோயாளியை இயற்பியல் ஆய்வகத்துக்குத் தூக்கிச் செல்வது பொது வழக்காக முடியாது. மருத்துவமனையின் ஓர் அறைக்குள் அடங்குவதாகவும், மருத்துவரே கையாளக் கூடியதாகவும் கருவி இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1960ஆம் ஆண்டு ஆசான் ஓலிவெக்ரோனாவின் இடத்தில் கரோலின்ஸ்காவின் பேராசிரியராக அமர்ந்த பின்னரும் அவர் அந்தத் தேடலை விடவில்லை.

விடை கோபால்ட்–60 என்னும் கதிரியக்கத் தனிமத்தில் கிடைத்தது. அணு உலையில் உண்டாக்கப்படும் இத்தனிமம் எந்த எந்திர உதவியுமின்றி இடைவிடாது காமாக் கதிர்களை வெளியிடுகிறது. அதன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. லெக்செல்லும் லார்சனும் 179 கோபால்ட் மூலங்களை ஓர் அரைக்கோளத்தின் பரப்பில் அடுக்கினர். ஒவ்வொன்றின் கதிரும் தனக்குரிய நுண்துளை வழியே வந்து ஒரே மையத்தில் கூடும். நோயாளியின் தலை சட்டத்தோடு சேர்த்து அம்மையத்தில் வைக்கப்படும். 1968ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமின் சோஃபியாஹெம்மெட் மருத்துவமனையில் இக்கருவி பணியைத் தொடங்கியது. வெட்டாத கத்தி ஒன்று பிறந்தது.

அரை ஆயுட்காலத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் எனக்கு இக்கருவியில் ஒரு நுட்பம் பெரிதும் பிடிக்கும். ஐந்தேகால் ஆண்டு கழித்து அதே மூலங்களைக் கொண்டு அதே அளவு கதிரைத் தர வேண்டுமானால் இரு மடங்கு நேரம் ஆகும். தேய்ந்துகொண்டே வரும் கோபால்ட்டின் கணக்கை மறவாமல் பார்ப்பவர் மருத்துவமனையின் இயற்பியலாளரே. நம் மாணவர்கள் இப்படியும் ஒரு தொழில் உண்டு என்பதை அறிய வேண்டும்.

வாய்க்காலும் வடிகாலும்

ஆழ்ந்த வலி, நடுக்கம், மனநோய் சிலவற்றைத் தீர்க்கும் பொருட்டே லெக்செல் இக்கருவியை முதலில் எண்ணினார். ஆனால் அது பெரும்புகழ் பெற்றது வேறொரு நோயால். மூளையின் தமனி–சிரைப் பிறழ்வு என்று அதைச் சொல்லலாம். மருத்துவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.வி.எம். என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் கடும் தலைவலியோடு மயங்கி விழுந்தார். மூளைக்குள் சிறிய குருதிக் கசிவு. அதற்குக் காரணம் இந்தப் பிறழ்வு. அது ஆழத்தில் இருப்பதால் வெட்டி எடுப்பது எளிதன்று என்றும், கதிர் அறுவையே ஏற்றது என்றும் மருத்துவர்கள் கூறினர். மாணவரும் அவர் தந்தையும் என்னிடம் வந்தனர். ஏ.வி.எம். என்றால் படம் எடுத்தவர்களைத்தான் தெரியும் என்றார் தந்தை, அந்தத் துயரிலும் சிரிக்க முயன்றவராய். கத்தி என்கிறார்கள், வெட்டு இல்லை என்கிறார்கள், கதிர் என்கிறார்கள், இதை நம்பிப் பிள்ளையின் தலையைக் கொடுக்கலாமா என்பதே அவர் கேட்க வந்தது. நன்செய் உழவர் அவர். ஆகவே ஒரு தாளை எடுத்து வயலை வரைந்தேன்.

ஆற்று நீர் வாய்க்காலுக்கு வருகிறது. வாய்க்காலிலிருந்து சிறு மடைகள் வழியே வயலில் பரவுகிறது. வயலில் பரவும்போது அதன் வேகம் அடங்கி விடுகிறது. மிஞ்சிய நீர் மெல்ல வடிகாலுக்குப் போகிறது. வாய்க்கால்தான் தமனி, வயல்தான் நுண்குழாய்கள், வடிகால்தான் சிரை. இப்போது வாய்க்கால் கரை உடைந்து, வயலுக்குள் போகாமல், நேரே வடிகாலில் விழுந்தால் என்ன ஆகும்? அந்த வேகத்தைத் தாங்க வடிகால் கரைக்கு வலு இல்லை. ஒரு நாள் அது உடையும். பக்கத்து வயலோ தண்ணீரின்றி வாடும். மூளையிலும் இதுவே நடக்கிறது. தமனிகள் நுண்குழாய்களுக்குள் பிரியாமல் நூற்சிக்கல் போன்ற ஒரு பின்னல் வழியே நேராகச் சிரைகளில் கொட்டுகின்றன. சிரை வெடித்தால் மூளைக்குள் குருதிப் பெருக்கு. பக்கத்து மூளை பாதிக்கப்படுவதால் சிலருக்கு வலிப்பு.

இத்தகைய பிறழ்வு உள்ளவர் 100 பேரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கு ஓர் ஆண்டில் குருதி கசியலாம் என்பது பொதுக் கணக்கு. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் நோய் தென்படுவது பெரும்பாலும் இளமையில். 20 வயதுப் பிள்ளைக்கு முன்னே 50 ஆண்டு வாழ்க்கை கிடக்கிறது. ஆண்டுதோறும் அந்தச் சீட்டுக் குலுக்கப்படுகிறது என்று எண்ணும்போதுதான் அதன் கனம் விளங்கும்.

தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த தந்தை, அப்படியானால் உடைப்பை எப்படி அடைப்பார்கள் என்று கேட்டார். அதற்கு மறுமொழி சொல்ல நான் லெக்செல்லிடம்தான் போக வேண்டியிருந்தது.

1970ஆம் ஆண்டு

மூளையை எக்ஸ் கதிர்ப் படத்தில் காண இயலாது. மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் சி.டி. ஸ்கேன் 1971ஆம் ஆண்டுதான் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. ஆனால் இரத்தக் குழாய்களைக் காண ஒரு வழி முன்பே இருந்தது. போர்ச்சுகலின் மோனிஸ் 1927ஆம் ஆண்டில் கண்டறிந்தபடி, தமனியில் ஒரு மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால் மூளைக் குழாய்கள் மரக்கிளை போல் தெரியும். எனவே அக்காலத்தில் கண்ணால் கண்டு குறி வைக்கத் தக்க மூளை நோய்களுள் இக்குழாய்ப் பிறழ்வு முதன்மையானதாக இருந்தது. குறி தெரியும், குறி தவறாத கருவியும் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டியதுதான் குறை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் கெல்பெர்க் 1960களிலேயே புரோட்டான் கற்றையால் இந்நோயைத் தாக்கத் தொடங்கியிருந்தார். ஸ்டாக்ஹோமில் லெக்செல்லின் சகாவான ஸ்டைனர் 1970ஆம் ஆண்டு காமாக் கத்தியை முதன்முதலாக ஒரு பிறழ்வின் மீது செலுத்தினார். லெக்செல்லும் மற்றச் சகாக்களும் உடன் சேர்ந்து 1972ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். பின்னர் எடுத்த படத்தில் அந்தப் பின்னல் காணப்படவில்லை. ஓலிவெக்ரோனா 1932ஆம் ஆண்டு மண்டையைத் திறந்து அகற்றிய அதே வகை நோய், மண்டை திறக்கப்படாமலே மறைந்தது.

கதிர் என்ன செய்கிறது? குழாயை எரித்து விடுவதில்லை. குழாயின் உட்சுவரில் உள்ள மெல்லிய அணுக்களை அது புண்படுத்துகிறது. புண் ஆறும் போக்கில் சுவர் தடிக்கிறது. உள்ளே வழி குறுகுகிறது. கடைசியில் குருதி உறைந்து குழாய் அடைபடுகிறது. வாய்க்கால் தூர்ந்து போனால் நாம் வருந்துவோம். இங்கே தூர்ந்து போவதே சிகிச்சை! என் மாணவரின் தந்தை இதைக் கேட்டதும் தலையசைத்தார். கரை கட்டி அடைப்பதற்குப் பதில் மண் படிந்து தானே மேடாகும்படி விடுவது என்று அவர் தம் மொழியில் சொல்லிக்கொண்டார். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

காலம் என்னும் மூன்றாம் அளவு

ஆனால் வாய்க்கால் ஒரே நாளில் தூர்வதில்லை. கதிர் செலுத்தும் வேலை ஒரே நாளில் முடிகிறது. தலையில் நான்கு முளைகளால் சட்டம் பொருத்துவார்கள், படம் எடுப்பார்கள், கணக்கிடுவார்கள், பிறழ்வின் விளிம்புக்கு 16 முதல் 25 கிரே வரை கதிரளவு தருவார்கள். பெரும்பாலோர் மறுநாளே வீடு திரும்புவர். குழாய் அடைபடுவதற்கோ 2 முதல் 3 ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அதுவரை குருதி கசியும் அபாயம் நீங்குவதில்லை. வெட்டி எடுத்தால் ஆபத்தெல்லாம் அந்த ஒரு நாளில் குவிந்திருக்கிறது. கதிர் அறுவையில் ஆபத்து மெலிந்து, நீண்டு கிடக்கிறது.

என் மாணவர் வீட்டில் அந்த மூன்று ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை நான் அருகிருந்து பார்த்தேன். பிள்ளைக்குச் சிறு தலைவலி வந்தாலும் தாய் அன்று உறங்கமாட்டார். அவர் தேர்வுக்குக் கண்விழித்தால் வீடே விழித்திருக்கும். மருத்துவம் முடிந்தும் முடியாத அந்தக் காத்திருப்பைக் கண்டபோதுதான், மருத்துவன் காலத்தையும் அளக்க வேண்டும் என்ற வள்ளுவர் கருத்தின் ஆழம் எனக்குப் புரிந்தது. மூன்றாம் ஆண்டின் இறுதியில் எடுத்த படத்தில் பின்னல் மறைந்திருந்தது. இன்று அவர் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறிய பிறழ்வுகளே இம்முறைக்கு ஏற்றவை. அவற்றிலும் 100க்கு 70 முதல் 80 வரைதான் முழுமையாக அடைபடுகின்றன. சிலருக்குக் கதிரினால் மூளையில் வீக்கம் உண்டாகிறது. மிகச் சிலருக்கு நிலையான குறையும் நேர்கிறது. மேலோட்டமான சிறு பிறழ்வுக்குக் கத்தியே சிறந்தது என்று சொல்லும் வல்லுநர் இன்றும் உண்டு. இன்னும் கசியாத பிறழ்வைத் தொடலாமா என்பதே பெரிய வழக்கு. பல நாடுகளில் 226 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. சராசரியாக 33 மாதம் கவனித்ததில், மருந்து மட்டும் பெற்றவர்களைவிடப் பிறழ்வை நீக்க முயன்ற பிரிவினரிடையேதான் பக்கவாதமும் மரணமும் கூடுதலாக இருந்தன. வாழ்நாள் முழுதும் தொடரும் நோயை 33 மாதத்தில் எடைபோடலாமா என்று மறுதரப்பினர் கேட்கின்றனர். இங்கும் வழக்கு காலத்தைப் பற்றியதே என்பதைக் கவனியுங்கள்.

இறுதி ஆண்டுகள்

1972ஆம் ஆண்டு லெக்செல்லின் கருவிகளைச் செய்து பரப்புவதற்காக எலெக்டா என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அவர் மகன் லாரன்ட் அதனை வளர்த்தார். 1974ஆம் ஆண்டு லெக்செல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டு இரண்டாவது காமாக் கத்தி கரோலின்ஸ்கா மருத்துவமனையில் நிறுவப்பட்டது.

ஆனால் உலகம் உடனே கைதட்டி வரவேற்கவில்லை. கருவி பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது பெரும்பாலும் ஸ்டாக்ஹோமின் தனிச்சொத்தாகவே இருந்தது. மூளையைத் திறக்காதவர் மூளை அறுவை மருத்துவர் ஆவாரோ என்ற ஐயம் அத்துறையினர் பலருக்கு இருந்தது. 1980களின் நடுவில்தான் 201 மூலங்கள் கொண்ட கருவிகள் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகருக்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகருக்கும் சென்றன. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒன்று அமைந்தது. அதை லெக்செல் காணவில்லை. 1986ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், தம் 78ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் விதைத்ததன் அறுவடை அவர் கண்ணை மூடிய பிறகே பெருகியது. இன்றளவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காமாக் கத்தியால் சிகிச்சை பெற்றுள்ளனர். 1997ஆம் ஆண்டில் தில்லியின் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக்கும் அது வந்து சேர்ந்தது.

லெக்செல்லின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் அறுவையை அறியாதவர் அல்லர், அறுவையிலே தேர்ந்தவர். கத்தியைத் திறமையாகப் பிடிக்கத் தெரிந்தவரே அதைக் கீழே வைக்கும் வழியையும் தேடினார். தம் கைத்திறனைக் காட்டிலும் நோயாளி படும் துன்பத்தைக் குறைப்பதே பெரிது என்று அவர் கருதினார். எலும்பைக் கடிக்கும் குறடு முதல் 179 கதிர்கள் வரை அவர் ஆக்கியவை அனைத்திலும் ஒரே கேள்வி ஓடுகிறது: இதைவிடக் குறைவாகக் காயப்படுத்தி இதே நன்மையைச் செய்ய முடியாதா?

மாணவ நண்பர்களே, நீங்கள் எந்தத் துறைக்குச் சென்றாலும் இக்கேள்வியை உடன் எடுத்துச் செல்லலாம். அதற்கு விடை காண லெக்செல்லுக்குக் கணக்கும் இயற்பியலும் நண்பர் ஒருவரின் துணையும் வேண்டியிருந்தன. 1951ஆம் ஆண்டின் எண்ணம் 1968ஆம் ஆண்டில் கருவியாக மாறப் பதினேழு ஆண்டு பொறுத்திருந்தார். அவர் வழியில் சிகிச்சை பெறும் ஒவ்வொருவரும் மூன்று ஆண்டு பொறுத்திருக்கிறார்கள். நோயையும் நோயாளியையும் அளந்தவர்கள் பலர். காலத்தையும் மருந்தாக்கிக் காட்டியவர் லெக்செல்.